ஓல்ட் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக் கடை நடத்துவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடை வைத்திருப்பவனுக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை தெரிந்தால் போதும் என்பார் என் அப்பா. அந்த வார்த்தை ‘ஓல்ட்’. தூணைத் தட்டி ‘ஓல்ட்’ என்பார். அண்டாவைத் தட்டி ‘ஓல்ட்’ என்பார். வந்தவர் தலையை ஆட்டினால் விரலை விரித்து விலையைக் காட்டுவார். வியாபாரம் முடிந்துவிடும்.

அப்பா தச்சு வேலைக்காரர். பெரிய செட்டியார் வீடுகளின் வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, பராமரிக்க முடியாமல் வீட்டை இறக்கச் சொல்லும்போது, கதவு, நிலை, ஜன்னலைச் சேதமில்லாமல் கழற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலியில் பாதியைச் சாமானாக வாங்கிக்கொண்டு வருவார். அப்படிச் சேர்ந்ததுதான் 1981-ல் கடையானது. அப்போது எனக்கு 13 வயது.

இப்போது என் அக்கா மகன் கடைக்கு வந்திருக்கிறான். பி.காம் படித்தவன். இங்கிலீஷ் பேப்பரைக் கடகடவென்று வாசிப்பான், ஆனால் வெள்ளைக்காரர் படியேறினால் சாமானைத் துடைக்கக் கொல்லைப்பக்கம் போய்விடுவான். அவனுக்காக ஓல்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதுகிறேன். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் வீடு சுற்றிக்காட்டுகிற தம்பிகளும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நான் வாத்தியார் இல்லை. நாலு பேர் சிரிக்கச் சிரிக்கக் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் தமிழில் மூன்று வேலைக்கு மூன்று சொல் இருக்கிறது. பொருளுக்குப் ‘பழைய’, ஆளுக்கு ‘வயசான’, எண்ணிக்கைக்கு ‘வயசு’. பழைய கதவு, வயசான ஆச்சி, மூணு வயசுப் பிள்ளை. இங்கிலீஷ்காரன் இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டு ஓல்ட் என்று கட்டி வைத்திருக்கிறான். எந்த வாக்கியத்திலும் ஓல்டைப் பார்த்தவுடன் இந்த மூன்றில் எது உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். எண் வந்தால் ஓல்ட் வெறும் அளவுகோல். அதில் முதுமையே கிடையாது. அக்காவின் பேத்தி பிறந்து மூன்று மாதம். கடைக்கு வந்த ஒரு ஆஸ்திரேலிய அம்மா குழந்தையைக் கொஞ்சியபடி ‘ஹவ் ஓல்ட் இஸ் ஷி?’ என்றார். மருமகன் என்னைப் பார்த்தான். “என்ன மாமா, மூணு மாசப் பிள்ளையைப் போயி எவ்வளவு கிழவின்னு கேக்குறாங்க?”

கிழவி என்று யாரும் கேட்கவில்லை. என்ன வயசு என்பதற்கு இங்கிலீஷில் இருக்கிற சாதாரண கேள்வியே ‘ஹவ் ஓல்ட்’தான். பதில், ‘ஷி இஸ் த்ரீ மந்த்ஸ் ஓல்ட்.’ நேற்றுப் பிறந்ததானால் ‘ஒன் டே ஓல்ட்’. ஆளின் வயதை வருசக் கணக்கில் சொல்லும்போது ஓல்டை விட்டும் சொல்லலாம்: ‘ஐ ஆம் ஃபிஃப்டி-எய்ட்.’ ஆனால் பாதியைச் சொல்லி ‘ஃபிஃப்டி-எய்ட் இயர்ஸ்’ என்று நிறுத்தக் கூடாது. இயர்ஸ் வந்தால் ஓல்டும் கூடவே வரவேண்டும். பொருளுக்கு இந்தச் சலுகை இல்லை. ‘தி டோர் இஸ் நைன்ட்டி’ என்றால் தொண்ணூறு என்ன, ரூபாயா, கிலோவா, அங்குலமா? ‘தி டோர் இஸ் நைன்ட்டி இயர்ஸ் ஓல்ட்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் தவறு செய்வது இதற்கு அடுத்த படியில், சாமானில் கட்டுகிற அட்டையில். எங்கள் தெருவில் ஒரு நடை நடந்தால் நூறு அட்டையில் எண்பதில் ‘நைன்ட்டி இயர்ஸ் ஓல்ட் டோர்’ என்று இயர்ஸோடு எழுதியிருக்கும். பெயருக்கு முன்னால் வைத்துக் கட்டும்போது அந்த ‘ஸ்’ உதிர்ந்துவிடும். ‘எ நைன்ட்டி-இயர்-ஓல்ட் டோர்.’ மூன்று சொல்லும் நடுவில் சிறு கோடு போட்டு ஒரே சரமாகக் கோக்கப்பட்டுவிடுகிறது. மருமகனுக்கு இது பிடிபடவில்லை. கல்லாவிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினேன்.

“இது என்ன?”

“டென் ருப்பி நோட்டு.”

“டென் ருப்பீஸ் நோட்டுன்னு ஏன் சொல்லலே?”

அவனிடம் பதில் இல்லை. நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்த விதி இது. கையில் எண்ணினால் டென் ருப்பீஸ், நோட்டுக்கு அடைமொழியானால் டென் ருப்பி. கதவு நின்றுகொண்டிருந்து வயதைச் சொன்னால் நைன்ட்டி இயர்ஸ் ஓல்ட், வயது கதவின் முன்னால் போய் ஒட்டிக்கொண்டால் நைன்ட்டி-இயர்-ஓல்ட். அன்றைக்கே பழைய அட்டைகளை எல்லாம் திருப்பிப் பின்பக்கம் புதிதாக எழுதினான்.

எண் இல்லாத ஓல்டுதான் ஆபத்தானது. இதைச் சொல்வதற்கு நான் வெட்கப்பட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும்போது, காலை நேரத்தில் கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. திறந்து, கூட்டி, விளக்குப் போட்டு, யாராவது வந்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று சுற்றிக் காட்டுவது வேலை. வீட்டுக்காரர் சென்னையில். எண்பதைத் தொட்டவர். பொங்கலுக்கு வந்தவர் முகப்புத் திண்ணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு இங்கிலீஷ்காரரும் மனைவியும் வந்தார்கள். பெரியவரை மரியாதையாக அறிமுகப்படுத்த நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: ‘சார், திஸ் இஸ் மை ஓல்ட் ஓனர்.’

வந்தவர் கை கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பி, ‘அண்ட் ஹூ இஸ் தி நியூ ஓனர்?’ என்றார்.

ஐயா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். “ஏப்பா, வீட்டை எப்ப வித்தே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவர்கள் போன பிறகு திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நாற்பது வருசம் ஒரு கம்பெனியில் கடிதம் எழுதி எழுதித் தேய்ந்த கை. அவர் சொன்னது இதுதான். ‘மை’ என்று உரிமை சொல்லி, அடுத்து ஓல்ட் போட்டு, அதற்கடுத்து ஓனர், டீச்சர், பாஸ் என்று ஒரு உறவையோ பதவியையோ வைத்தால், கேட்பவன் காதில் அது ‘முன்னாள்’ என்றுதான் விழும். மை ஓல்ட் ஸ்கூல் என்றால் நான் முன்பு படித்த பள்ளிக்கூடம். அந்தக் கட்டடம் போன வருசம் கட்டியதாகக்கூட இருக்கலாம். வயதைச் சொல்ல வேண்டுமானால் ஓல்டை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளு. ‘மை ஓனர் இஸ் ஓல்ட்.’ அப்போது வயது மட்டும்தான் பொருள்.

பிறகு யோசித்தால் எனக்கு ஒன்று விளங்கியது. நான் தமிழில் ஒழுங்காக நினைத்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. ‘இவர் என் பழைய ஓனர்’ என்று தமிழில் சொல்லியிருந்தாலும் அதே அர்த்தம்தானே? எந்தத் தமிழனும் எண்பது வயசுக்காரரைப் ‘பழைய’ என்று சொல்லமாட்டான். ‘வயசான’ என்று மனத்தில் நினைத்து, அதற்கு அகராதி கொடுத்த ஓல்டை எடுத்து, ‘பழைய’வுக்கான இடத்தில் வைத்துவிட்டேன். ஆகவே மருமகனுக்குச் சொன்ன வழி: ஆளுக்கு முன்னால் ஓல்ட் போடுமுன், அந்த இடத்தில் தமிழில் ‘பழைய’ போட்டுப் பார். பழைய சிநேகிதர், பழைய வாத்தியார், பழைய வாடிக்கைக்காரர் என்று பொருந்துகிறதா, தாராளமாகப் போடு. ‘வயசான’தான் பொருந்துகிறது என்றால் பின்னால் கொண்டுபோ.

மை ஓல்ட் ஃப்ரெண்ட் மட்டும் கொஞ்சம் தனி. அங்கே முன்னாள் சிநேகிதன் என்று ஆகாது. நெடுநாள் சிநேகிதன் என்றாகும். இருபது வயதுப் பையனுக்கும் ஓல்ட் ஃப்ரெண்ட் உண்டு, பள்ளிக்கூடத்து நட்பு. நாமும் பழைய சிநேகிதர் என்றால் பகைத்துப் பிரிந்தவர் என்று எடுத்துக்கொள்வதில்லையே, அது மாதிரி. ஆனால் ‘மை ஓல்ட் ஒய்ஃப்’ என்று எந்தக் காரணத்துக்காகவும் வாயைத் திறக்காதே. வயது என்று எடுத்தாலும் வம்பு, முன்னாள் என்று எடுத்தாலும் வம்பு.

ஊரிலேயே இதற்கு ஒரு உதாரணம் நிற்கிறது. காரைக்குடியில் பழைய பஸ் ஸ்டாண்டும் உண்டு, புது பஸ் ஸ்டாண்டும் உண்டு. ஓல்ட் பஸ் ஸ்டாண்ட் என்று வழி சொன்னால் இடிந்து கிடக்கிற இடம் என்று நினைத்துக்கொண்ட பயணிகளைப் பார்த்திருக்கிறேன். முன்னது என்று மட்டும்தான் அங்கே பொருள். புதுசு வந்து எத்தனை வருசமானாலும் பெயர் மாறாது. புதுசும் பழசாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆளைப் பற்றி நேரில் பேசும்போது ஓல்ட் கொஞ்சம் முரட்டுச் சொல். ‘ஓல்ட் லேடி’ என்றால் கிழவி என்கிற வாடை அடிக்கும். ‘எல்டர்லி லேடி’ என்றால் பெரியம்மா என்கிற பதவிசு. ஆச்சிகளைச் சொல்லும்போது எல்டர்லி என்று பழகிக்கொள்வது நல்லது. ‘ஹவ் ஓல்ட் ஆர் யு?’ என்ற கேள்வியைக் குழந்தையிடம் கேட்கலாம், வந்திருக்கும் அம்மாவிடம் கேட்கக் கூடாது. நம் ஊரில் “ஐயாவுக்கு வயசு என்ன ஆகுது” என்று கேட்டால் அது அக்கறை. எழுபது என்றால் பீமரத சாந்தி எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று அடுத்த பேச்சு. அவர்களுக்கு அது அந்தரங்கம். நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ‘செவன்ட்டி இயர்ஸ் யங்’ என்றார். நல்ல மனுஷி, சமாளித்துவிட்டார். எல்லாரும் சமாளிக்கமாட்டார்கள்.

அண்ணன் தம்பி விஷயத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மூத்த அண்ணன் என்பதற்கு ‘எல்டர் பிரதர்’. ஆனால் ஒப்பிடும்போது எல்டர் வராது. ‘ஹி இஸ் எல்டர் டு மி’ என்று நாம் சொல்வது ‘ஹி இஸ் ஓல்டர் தேன் மி’ என்று இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவைதான். உலகத்துக்கு அவர்கள் சொல்கிற ‘வேர்ல்ட்’கூட அந்தக் குடும்பம்தானாம். பண்டைய ஜெர்மானிய மொழிகளில் மனிதன் என்ற சொல்லும் காலம் அல்லது வயது என்ற சொல்லும் சேர்ந்து, மனிதனின் காலம் என்ற பொருளில் உண்டானது. அதையும் திண்ணை ஐயாதான் சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது, அதனால் வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்கு உதவியதில்லை.

இனிச் சாமானுக்கு வருவோம், சோறு போடுகிற இடம்.

பெயருக்கு முன்னால் நான்கைந்து அடைமொழி சேர்ந்தால் ஓல்ட் எங்கே நிற்கும்? தமிழில் கவலையில்லை. பழைய பெரிய பித்தளை அண்டா, பெரிய பழைய பித்தளை அண்டா, எதுவானாலும் அண்டா அண்டாதான். இங்கிலீஷில் ‘ஓல்ட் பிக் பிராஸ் பாட்’ என்றால் வாயில் கல் கடித்த மாதிரி முகம் சுளிப்பார்கள். ‘எ பிக் ஓல்ட் பிராஸ் பாட்’ என்றுதான் வரவேண்டும். பந்திக்கு உட்காரவைப்பது மாதிரி அவர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். நம் அபிப்பிராயம் முதலில், பிறகு அளவு, பிறகு வயது, பிறகு உருவம், நிறம், வந்த ஊர், கடைசியில் எதனால் செய்தது. பொருளை விட்டுப் பிரிக்கவே முடியாத குணம் பொருளுக்குப் பக்கத்தில் உட்காரும். பித்தளையை அண்டாவிலிருந்து பிரிக்க முடியாது, அதனால் அது ஒட்டி நிற்கிறது. ‘அழகு’ என்பது பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது, அதனால் வாசலில் நிற்கிறது. வயது நடுவில்.

பழக்கிக்கொள்ள மரவையை எடுத்துக் காட்டினேன். பர்மாவிலிருந்து கொண்டுவந்தார்களே, அரக்குப் பூச்சு போட்ட உருண்டைப் பெட்டி, கல்யாணச் சீரில் வைக்கிறது. ‘எ லவ்லி ஸ்மால் ஓல்ட் ரவுண்ட் ரெட் பர்மீஸ் பாக்ஸ்.’ மூச்சு விடாமல் மூன்று தரம் சொன்னான். சொல்லிப் பழகுவதற்குத்தான் இது. கடையில் இத்தனையையும் அடுக்கினால் ஏலம் போடுகிற மாதிரி இருக்கும். இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. ‘ஓல்ட் பர்மீஸ் பாக்ஸ்.’ ‘லவ்லி ஓல்ட் பாக்ஸ்.’

ஓல்டுக்கு முன்னால் வரும் சொல் அதன் முகத்தையே மாற்றிவிடுகிறது. ‘ஜஸ்ட் அன் ஓல்ட் பாக்ஸ்’ என்றால் சும்மா ஒரு பழைய பெட்டி, போட்டால் போடு. ‘லவ்லி ஓல்ட் பாக்ஸ்’ என்றால் வயதே அழகு. ‘டர்ட்டி ஓல்ட்’ திட்டு. ‘புவர் ஓல்ட்’ என்றால் நாம் ‘பாவம்’ என்கிறோமே, அது. ‘எனி ஓல்ட் கிளாத்’ என்று ஒருவர் பொதிந்துகொடுக்கத் துணி கேட்டால், பழந்துணி தேடிப் போகாதே. எதுவாக இருந்தாலும் சரி, ஏதோ ஒரு துணி என்று பொருள். நான் பாட்டி காலத்துக் கண்டாங்கிச் சேலை ஒன்றைத் தேடி எடுத்துப் பொதிந்து கொடுத்தேன். அவர் பெட்டியைவிடச் சேலையைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டார்.

பேரம் பேசுகிறவரைக் காதால் கண்டுபிடிக்கவும் இது உதவும். உள்ளே நுழைந்தபோது ‘வாட் எ பியூட்டிஃபுல் ஓல்ட் மிரர்’ என்றவர், விலை கேட்டபின் ‘இட்ஸ் ஒன்லி அன் ஓல்ட் மிரர்’ என்பார். கண்ணாடி மாறவில்லை.

பழசு எல்லாவற்றுக்கும் ஓல்ட் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளையார்பட்டிக் குடைவரையைச் சொல்ல ‘ஏன்ஷியன்ட்’ சரி. அது ஆயிரத்தைத் தாண்டிய கணக்கு. ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டை ஏன்ஷியன்ட் என்றால் மிகை. பெரும்பாலான பெரிய வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940-கள் வரைக்குள் எழுந்தவை. பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கப்பலேறி வந்த காலம் அது. ‘ஓல்ட்’ போதும். அவர்களே தங்கள் செல்போனை ஏன்ஷியன்ட் என்பார்கள், கேலிக்கு.

“பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவிக்கொண்டு வருகிறவருடைய ‘பழைய’ ஓல்ட் இல்லை, ‘ஸ்கிராப்’. வேறொருவர் கைபட்டது என்பதைச் சொல்ல ‘யூஸ்ட்’ அல்லது ‘செகண்ட்-ஹேண்ட்’. பழைய சோற்றை ‘ஓல்ட் ரைஸ்’ என்று விளக்கிய ஒரு தம்பியால், இலையில் உட்கார்ந்த விருந்தாளி தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். ராத்திரி தண்ணீரில் ஊறிய சோறு, லேசாகப் புளித்தது: ‘ரைஸ் சோக்ட் ஓவர்நைட்’. இப்படிச் சொன்னால் ஆர்வமாகச் சாப்பிடுவார்கள், கூடச் சின்ன வெங்காயமும் கேட்பார்கள். பழைய அரிசி என்பது வேறு. வருசம் கடந்த, குழையாத அரிசி. அதற்கு ‘ஏஜ்ட் ரைஸ்’. ஓல்ட் என்றால் வண்டு விழுந்த அரிசி என்று நினைப்பார்கள். ‘அந்தக் காலத்தில்’ என்பதற்கு ‘இன் தி ஓல்டன் டேஸ்’. அந்த ஓல்டன் டேஸை விட்டு அநேகமாக வேறெங்கும் வராது. ஓல்டன் டோர் கிடையாது, எழுதாதே.

கடைசியாக ‘ஆன்டீக்’. இதில் தப்பினால் இலக்கணப் பிழை மாதிரி சிரிப்போடு போகாது.

எங்கள் தெருவுக்கு வெளியூர்க்காரர்கள் வைத்த பெயரே ஆன்டீக் தெருதான். அதனால் பல்விளக்குகிற பிரஷ்ஷைத் தவிர எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லை ஒட்டிவிடுகிறோம். பொதுவாக உலகச் சந்தையில் நூறு வருசத்தைத் தாண்டியதைத்தான் ஆன்டீக் என்பார்கள். நம் நாட்டில் அதற்குச் சட்டமே இருக்கிறது. 1972-ம் வருசத்துத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டம். நூறு வருசத்துக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினை போன்றவை தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் என்று மதிப்புள்ள சுவடி, ஆவணம் என்றால் எழுபத்தைந்து வருசமே போதும். அவற்றைத் தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. விற்கவும் உரிமம் வேண்டும்.

நான் செய்ததைக் கேளுங்கள். 1950-களில் செய்த ஒரு மரச்சட்டக் கண்ணாடி. வாங்கியவர் பெல்ஜியத்துக்காரர், அவர் ஊர்க் கண்ணாடி நம் வளவுகளில் தொங்குவதைப் பார்த்து மயங்கிப்போயிருந்தார். அவரைச் சந்தோஷப்படுத்த ரசீதில் ‘ஹன்ட்ரட் இயர்ஸ் ஓல்ட் ஆன்டீக் மிரர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். இயர்ஸில் ஸ் வேறு. ஏற்றுமதியில் நிறுத்திவிட்டார்கள். அது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டுகிற வரைக்கும் பெட்டி நகரவில்லை. அலைச்சலும் செலவும் என் தலையில். என் கையெழுத்தை வைத்தே என்னைக் கேட்டார்கள், நீதானே நூறு வருசம் என்று எழுதியிருக்கிறாய் என்று. பெருமைக்காகக் கூட்டிய ஐம்பது வருசம். உண்மையில் அப்போது அதற்கு ஐம்பதுகூட ஆகியிருக்கவில்லை.

அதிலிருந்து வயதைச் சொல்வதில் நான் கஞ்சன். தெரிந்ததை மட்டும் சொல்வதற்கு ஓல்டோடு சேர்த்துக்கொள்ள நாலு சின்னச் சொற்கள் உண்டு. சுமாராக என்றால் ‘அபவுட்’: ‘இட் இஸ் அபவுட் எய்ட்டி இயர்ஸ் ஓல்ட்.’ தாண்டிவிட்டது என்றால் ‘ஓவர்’. கிட்டத்தட்ட என்றால் ‘நியர்லி’. குறைந்தபட்சம் என்றால் ‘அட் லீஸ்ட்’. நான்கும் எண்ணுக்கு முன்னால் வரும். எங்களிடம் ஒரு தேக்குப் பெட்டி இருக்கிறது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தோடு வந்தது. அதை நான் ‘ஓவர் எய்ட்டி இயர்ஸ் ஓல்ட்’ என்கிறேன். அதற்கு முன் எத்தனை வருசம் ரங்கூனில் இருந்ததோ, பெட்டிக்குத்தான் தெரியும்.

ரவிவர்மா படங்களிலும் இதே எச்சரிக்கை. அவர் பம்பாய்ப் பக்கம் அச்சகம் தொடங்கியது 1894-ல், காலமானது 1906-ல். ஆனால் அவர் படங்களை அதற்குப் பிறகும் வெகுகாலம் அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். ஓவியம் பழசு, உன் கையில் இருக்கிற தாள் பழசாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘அன் ஓல்ட் பிரிண்ட்’ என்று சொல், எண்ணைத் தொடாதே.

எதுவுமே தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. அதிலும் நாம் தடுக்கி விழுகிறோம். ‘ஐ டோன்ட் நோ ஹவ் ஓல்ட் இஸ் இட்’ என்பது தப்பு. கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் நுழைத்தால் அது கேள்வி உருவத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும், கோயிலுக்குள் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. ‘ஐ டோன்ட் நோ ஹவ் ஓல்ட் இட் இஸ்.’ இட் முன்னால், இஸ் பின்னால். இதோடு நிறுத்தாமல் தெரிந்ததைச் சேர்த்துவிடு. ‘பட் இட் கேம் ஃப்ரம் எ ஹவுஸ் இன் தேவகோட்டை.’ வாங்குகிறவருக்கு எண்ணைவிட இது பிடிக்கிறது. எந்த வீட்டில், எந்தக் கட்டுக்குள், எதற்காக வைத்திருந்தார்கள் என்று அடுத்த கேள்விகள் வரும். அவற்றுக்கு நமக்குப் பதில் தெரியும்.

மருமகனை ஒரு வாரம் முன்னால் நிறுத்திவிட்டு நான் உள்ளே உட்கார்ந்து காதை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தேன். மங்குத் தட்டு அடுக்கில் இரண்டு முறை ‘ஓல்ட் பிக்’ என்றான், உடனே தானே திருத்திக்கொண்டான். வியாழக்கிழமை ஒரு வயதான தம்பதி தேக்குப் பெட்டியை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார்கள். வயதைச் சரியாகச் சொன்னான், ஓவர் போட்டுச் சொன்னான். விலை படியவில்லை. போகிறபோது அந்த அம்மா கடைக்குள் எட்டிப் பார்த்து, என்னைக் காட்டி ஏதோ கேட்டார்.

“ஹி இஸ் மை அங்கிள்,” என்றான். “ஹி இஸ் ஓல்டர் தேன் தி ஷாப்.”

தேன் போட்டான், எல்டர் போடவில்லை. டீ வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுத்தேன்.